விலைப்பலகை

முதலில் செல்போனில்தான் வந்தது.
ஒரே வரி, அனுப்பியவர் பெயர் இல்லாமல்:
நகரத்தில் கொல்லும் காய்ச்சல்.
மதியத்துக்குள் அதே வரியை
ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள்,
அதில் ஒருவர் என் பல் வைத்தியர்.

குவாங்சோவில் ஆட்டு வருடம் பிறந்து
பத்து நாள் ஆகியிருந்தது.
கடை வாசலில் கும்குவாட் செடி
சிவப்பு உறைகளோடு இன்னும் நின்றது.
வினிகரைக் கொதிக்கவைத்தால்
காற்று சுத்தமாகும் என்று
யாரோ யாரிடமோ சொல்லியிருந்தார்கள்.
வயிற்றில் கரைந்த புளிக்கு
வெளியிலும் ஒரு புளிப்பு
தேவைப்பட்டது போலும்.

காலையில் புட்டி மூன்று யுவான்.
பத்து மணிக்குப் பன்னிரண்டு.
அழித்து எழுதியது நான்தான்,
என் கை, என் சுண்ணக்கட்டி.
இருபது என்றேன், வாங்கினார்கள்.
நாற்பது என்றேன்,
சில்லறை இருக்கிறதா என்றார்கள்.
யாரும் பேரம் பேசவில்லை.
எனக்கு முதலில் பயம் வந்தது அப்போதுதான்.
பதினெட்டு வருடக் கடை இது,
வெங்காயத்தாளுக்குக்கூடப்
பேரம் பேசாமல் போனவர் கிடையாது.

ஆசிரியர் ஓவ்யெங்
வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்,
காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை,
படித்தவர்கள் செய்கிற வேலையா இது என்று.
சொல்லிவிட்டு நான்கு புட்டி வாங்கினார்.

மிளகாய் மூட்டை வாய் திறந்து கிடந்தது.
ஒருவர் இருமினார்.
நெரிசலுக்கு நடுவே, அவரைச் சுற்றி,
ஒரு முற்றம் அளவுக்கு இடம் உண்டானது.
மிளகாய், மிளகாய் என்று
விரலால் காட்டிக்கொண்டே
அவர் அந்த முற்றத்தில் தனியாக நின்றார்.

மாலைச் செய்தியில் அதிகாரி
அஞ்ச வேண்டாம் என்றார்.
அதுவரை வினிகர் மட்டும் கேட்டவர்கள்
அதன் பிறகு அரிசிக்கு வந்தார்கள்.
உப்புக்கும்.

இரவு, எல்லா ஜன்னலிலும் ஆவி.
தெரு ஒரு ஊறுகாய்ச் சாடி,
நாங்கள் அதன் அடியில்.

கதவைப் பாதி இறக்கியிருந்தபோது
குனிந்து உள்ளே பார்த்தார் ஃபான் சியூ-மிங்.
பேருந்து ஓட்டுகிறவர்.
மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு நாள்.
பன்றிக்கால் வெந்துகொண்டிருக்கிறது,
இஞ்சி நறுக்கியாயிற்று,
பெற்றவளுக்கான இனிப்புக் கறுப்பு வினிகர் மட்டும்
ஊரில் எங்குமே இல்லை என்றார்.
கறுப்பு எதற்கு, வெள்ளைதான் கேட்கிறார்கள் என்று
நான் சொல்லச் சொல்ல
அதையும் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

உள்ளங்கையில் மூன்று நாணயம் வைத்திருந்தார்.
பிறகுதான் பலகையைப் பார்த்தார்.

கல்லாவுக்குக் கீழே ஒரு புட்டி இருந்தது.
எனக்கென்று எடுத்துவைத்தது. கறுப்பு.

நாள் முழுக்க எத்தனை பேர் மூச்சு
இவர் முதுகில் பட்டிருக்கும் என்று
என் மனம் கணக்குப் போட்டது.
நான் ஓர் அடி பின்னால் நகர்ந்ததை
அவர் பார்த்துவிட்டார்.
இல்லை என்றேன்.
சரி அக்கா, நீங்கள் கவனமாக இருங்கள் என்றார்.

அந்தப் புட்டியை அன்றிரவு கொதிக்கவைத்தேன்.
கறுப்பு வினிகர் கொதித்தால்
நோய் விரட்டுகிற வாசனை வராது,
சமையல் வாசனைதான் வரும்.
கண் எரிந்தது.
ஆவியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் லாரிகள் வந்தன.
விலை மறுபடி மூன்று.
பலகையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தேன்,
மூன்றுக்குப் பின்னால்
நாற்பது மங்கலாகத் தெரிந்தது.

ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு
ஃபான் வீட்டு ஐந்து மாடியும் ஏறினேன்.
கதவு சங்கிலியளவுக்கு மட்டும் திறந்தது.
உள்ளே குழந்தை வீறிட்டது, நல்ல நுரையீரல்.
முகமூடிக்கு மேல் அவர் கண்
என்னையும் அளந்தது, நியாயம்தான்,
கடைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள்.
புட்டியைத் தரையில் வைக்கச் சொன்னார்.
வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்
இடுக்கு வழியே
மூன்று நாணயம் நீண்டன.

வாங்கிக்கொண்டேன்.
வீட்டுக்கு வந்து அவற்றைக் கழுவினேன்,
வினிகரால்.